மிளகுத் துறையிலிருந்து ஒரு பார்வை: உரோமானிய நாகரிகத்தின் ஏற்றமும் இறக்கமும் தமிழர் வாணிகமும்

முன்னுரை

ஒரு நாகரிகத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் அதன் தலைநகரில் நின்று நோக்குவதே வரலாற்றாசிரியர் பலரின் வழக்கமாக இருந்து வந்துள்ளது. உரோமானிய நாகரிகத்தைப் பற்றி எழுந்த நூல்களுள் பெரும்பாலானவை இவ்வழக்கத்தையே பின்பற்றின. 1776 முதல் 1788 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த எட்வர்ட் கிப்பனின் பெருநூல் இதற்குத் தலையாய சான்றாகும். பேரரசர்களின் குணநலன், படைகளின் ஒழுக்கம், சமயத்தின் செல்வாக்கு, எல்லைப்புற இனத்தாரின் படையெடுப்பு என்பனவே அவ்வகை நூல்களில் பெரிதும் பேசப்பட்டன.

இக்கட்டுரையில் நாம் அப்பேரரசை அதன் வாணிகப் பாதையின் மறுமுனையிலிருந்து நோக்க முற்படுகின்றோம். முசிறியிலும் அரிக்கமேட்டிலும் அழகன்குளத்திலும் நின்று பார்க்கும்போது உரோமின் ஏற்றமும் இறக்கமும் எவ்வாறு தோன்றுகின்றன? தொலைவிலுள்ள ஒரு சந்தையின் தேவையை நம்பி வாழ்ந்த ஊர்களுக்கு அச்சந்தை சுருங்கியபோது என்ன நேர்ந்தது? அவ்வாணிகத்தைத் தம் உழைப்பால் தாங்கிய மக்களைப் பற்றி நாம் அறிவது எவ்வளவு? இவ்வினாக்கள் தமிழகத்துத் தொல்லியலுக்கு மட்டும் உரியவையல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கும் அவை நெருக்கமானவை என்பதை இறுதியில் காண்போம்.

உரோமின் எழுச்சி

உரோம் நகரம் கி.மு. 753இல் நிறுவப்பட்டது என்பது மரபுவழிச் செய்தி. கி.மு. 509இல் மன்னராட்சி நீங்கிக் குடியரசு தோன்றியதாகவும் அம்மரபே கூறுகின்றது. தைபர் ஆற்றங்கரையில் இருந்த சிறு நகரம் முதலில் இத்தாலியத் தீபகற்பத்தையும், பின்னர் கார்த்தேஜுடன் கி.மு. 264 முதல் 146 வரை நடந்த மூன்று போர்களின் வழியாக மேலை மத்தியதரைக் கடலையும் தன் ஆணைக்கு உட்படுத்தியது. வென்ற நாட்டாரை முற்றிலும் ஒதுக்கிவிடாமல், படிப்படியாகக் குடியுரிமை வழங்கித் தம்மோடு இணைத்துக் கொண்டமை உரோமரின் தனித்திறன் எனலாம். கி.பி. 212இல் பேரரசின் சுதந்திரக் குடிகள் ஏறத்தாழ அனைவருக்கும் குடியுரிமை வழங்கப்பட்டபோது இப்போக்கு நிறைவெய்தியது. சாலை, சட்டம், படை ஆகிய மூன்றும் அவ்விணைப்பைக் கட்டிக் காத்தன.

இவ்வேற்றத்திற்கு மற்றொரு முகமும் உண்டு. ஸ்பெயின் நாட்டின் கார்த்தஜீனா வெள்ளிச் சுரங்கங்களில் 40,000 பேர் உழைத்தனர் எனக் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதியதாக ஸ்திராபோ குறிப்பிடுகின்றார். போர்க் கைதிகளும் அடிமைகளும் இத்தகைய சுரங்கங்களிலும் பெருநிலக்கிழார்களின் பண்ணைகளிலும் உழைத்தனர். உரோமின் கருவூலத்தை நிரப்பிய வெள்ளி இவர்களின் கைகளால் அகழப்பட்டது. அவ்வெள்ளியின் ஒரு பகுதியே பின்னாளில் கொங்கு நாட்டு மண்ணில் புதையலாகக் கிடைத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் வென்ற ஆக்டேவியன், அடுத்த ஆண்டில் எகிப்தைக் கைப்பற்றினார். கி.மு. 27இல் அகஸ்டஸ் என்னும் பட்டத்தைப் பெற்றுப் பேரரசின் முதல் ஆட்சியாளரானார். எகிப்து உரோமின் கைக்கு வந்தமை தமிழர் வரலாற்றிலும் ஒரு திருப்புமுனையாகும். செங்கடல் துறைமுகங்களான மியோஸ் ஹோர்மோஸும் பெரெனிகேயும் அதன்பின் உரோமப் பேரரசுக்கு உரியவையாயின.

பருவக்காற்றும் மிளகும்

எகிப்தைத் தாலமி மரபினர் ஆண்ட காலத்தில் இந்தியாவை நோக்கிச் சென்ற கப்பல்கள் மிகச் சிலவே. அகஸ்டஸ் காலத்தில் மியோஸ் ஹோர்மோஸ் துறையிலிருந்து மட்டும் 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குச் சென்றன என ஸ்திராபோ கூறுகின்றார். பாண்டிய மன்னனின் தூது அகஸ்டஸிடம் வந்ததையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை. அலெக்சாந்திரியாவிலிருந்து நைல் ஆற்றின் வழியே கொப்தோஸ் வரை சென்ற சரக்கு, அங்கிருந்து ஒட்டகங்களின் மேல் பாலைவனத்தைக் கடந்து செங்கடலை அடைந்தது. கொப்தோஸிலிருந்து பெரெனிகேக்குப் பன்னிரண்டு நாள் வழி. செங்கடலின் வாயிலில் இருந்த ஒகேலிஸ் துறையிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றைத் துணைக்கொண்டு புறப்பட்டால் நாற்பது நாளில் முசிறியை அடையலாம் என்பது பிளினி தரும் கணக்கு.

முசிறியில் அவர்கள் முதன்மையாக நாடியது மிளகு. கி.பி. 77இல் நிறைவுற்ற தம் இயற்கை வரலாற்று நூலில், கருமிளகு ஓர் உரோமானிய இறாத்தல் நான்கு தினாரியஸ் விலைக்கு விற்றதாகப் பிளினி எழுதுகின்றார். கி.பி. 92இல் பேரரசர் தொமித்தியன் உரோம் நகரின் நடுவே மிளகுக்கென்றே பண்டகசாலைகளை எழுப்பினார். பிரித்தானியத் தீவின் வடஎல்லையில் இருந்த விண்டோலாண்டா படைவீட்டில் கிடைத்த மரப்பலகைக் குறிப்பொன்றிலும் மிளகு வாங்கிய செய்தி காணப்படுகின்றது. மேற்குத் தொடர்ச்சி மலைச்சாரலில் பறிக்கப்பட்ட மிளகு பேரரசின் கடைக்கோடிப் படைவீரனின் உணவுவரை சென்றுள்ளது என்பது இதனால் தெளிவாகின்றது. 1999இல் பெரெனிகேயின் செராபிஸ் கோயில் அகழாய்வில், இந்தியாவில் செய்யப்பட்ட பெரிய மட்கலம் ஒன்றினுள் ஏழரைக் கிலோவுக்கும் மேற்பட்ட கருமிளகு கிடைத்தமை இச்செய்திகளுக்கு வலுவூட்டுகின்றது.

இவ்வாணிகத்தின் அளவை உணர்த்தும் சான்றுகளுள் வியன்னா நகரில் பாதுகாக்கப்படும் முசிறி ஒப்பந்தச் சுவடி தலைசிறந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியைச் சேர்ந்த இப்பாப்பிரஸ் சுவடி 1985இல் பதிப்பிக்கப்பெற்றது. ஒரு பக்கத்தில் முசிறி வாணிகத்தின்பொருட்டுப் பெறப்பட்ட கடன் பற்றிய உடன்படிக்கையும், மறுபக்கத்தில் எர்மபொல்லோன் என்னும் கப்பலில் வந்த சரக்கின் கணக்கும் உள்ளன. கங்கைப் பகுதியின் நறுமணச் சடாமாஞ்சியும் யானைத் தந்தமும் அதில் அடங்கும். அக்கணக்கில் காணும் மதிப்பு ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ் எனக் கணிக்கப்பட்டுள்ளது. இறக்குமதிக்கு நான்கில் ஒரு பங்கு சுங்கமாகப் பெறப்பட்டது. இந்தியா ஆண்டுதோறும் உரோமிடமிருந்து ஐந்து கோடி செஸ்டர்ஸை ஈர்த்துக்கொள்கிறது எனப் பிளினி வருந்தியதைப் பலரும் எடுத்துக்காட்டுவர். ஒரே கப்பலின் சரக்கு 70 இலட்சம் என்றால், பிளினியின் ஐந்து கோடி ஏறத்தாழ ஏழு கப்பல்களின் அளவே ஆகின்றது. எனினும் இரண்டும் ஒரே விலையில் அமைந்த கணக்குகளல்ல. சுவடி தருவது எகிப்தில் சரக்குக்கு இடப்பட்ட மதிப்பு. பிளினி பேசுவது இந்தியாவுக்குச் சென்ற பணத்தைப் பற்றி. இந்தியப் பொருள் உரோமில் நூறு மடங்கு விலைக்கு விற்கிறது என்று அவரே கூறுகின்றார். அது மிகைக்கூற்றாயினும், பெரும்பகுதி இலாபம் எங்கே தங்கியது என்பதைக் காட்டுகின்றது. மிளகு விளைந்த மலைக்கும் அது விற்ற அங்காடிக்கும் இடையே இருந்த தொலைவு கடலளவு மட்டுமன்று, விலையளவிலும் பெரிது.

துறைகளும் உள்நாட்டு ஊர்களும்

யவனர் மரக்கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறுகின்றது. மனைகளில் மிளகுப் பொதிகள் குவிந்து கிடந்த முசிறியின் காட்சியைப் புறநானூற்றின் 343ஆம் பாடலில் காணலாம். முல்லைப்பாட்டும் நெடுநல்வாடையும் யவனரின் காவற்பணியையும் கைவினைத் திறனையும் எடுத்துரைக்கின்றன. இப்பாடல்களைப் பழம்பெருமை பேசுதற்கு மட்டுமே பயன்படுத்துவது போதாது. அவற்றை அகழாய்வுச் சான்றுகளோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, அங்குக் கிடைத்த இத்தாலியத் தட்டுகளையும் மதுச்சாடிகளையும் கொண்டு அதனை உரோமானிய வாணிகத்தால் எழுந்த ஊராகக் கருதினார். உருளைக் கருவியால் அழகு செய்யப்பட்ட ரூலெட் வகைப் பாண்டங்களும் மேலை நாட்டிலிருந்து வந்தவை என்றே அவர் எண்ணினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய மறு அகழாய்வு இக்கருத்தை மாற்றியது. உரோமானியர் வருகைக்கு முன்பே அங்கு ஊர் இருந்தது. உரோமானியச் சரக்கு குறைந்த பின்னரும் மக்கள் வாழ்ந்தனர். ரூலெட் பாண்டங்கள் இந்தியாவிலேயே செய்யப்பட்டவை என்பதும் பின்வந்த களிமண் ஆய்வுகளால் உறுதிப்பட்டது. ஆகவே உரோம் இத்துறைகளை உருவாக்கவில்லை. ஏற்கனவே இயங்கிய துறைகளின் வளத்தைப் பெருக்கியது என்பதே பொருந்தும்.

துறைகளுக்குப் பின்னால் உள்நாட்டு ஊர்கள் இருந்தன. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில், 1980களிலிருந்து நடைபெற்ற அகழாய்வுகள் இரும்புத் தொழிலும் மணிகள் செய்யும் தொழிலும் செழித்திருந்த ஊரை வெளிப்படுத்தின. மட்கல ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் ஆட்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பாலக்காட்டுக் கணவாயின் வழியாகக் கருவூரையும் முசிறியையும் இணைத்த வழியில் இவ்வூர் அமைந்திருந்தது. மேலைக்கரையில், முசிறியின் பகுதி என ஆய்வாளர் பலர் கருதும் பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வு ஆயிரக்கணக்கான மதுச்சாடி ஓடுகளை அளித்தது.

தமிழர் கரையில் காத்திருந்தவர் மட்டுமல்லர் என்பதும் இங்குக் குறிக்கத்தக்கது. செங்கடற்கரையின் பெரெனிகேயிலும் மியோஸ் ஹோர்மோஸிலும் தமிழ்ப் பெயர்கள் பொறித்த மட்கல ஓடுகள் கிடைத்துள்ளன. கண்ணன், சாதன் என்னும் பெயர்கள் அவற்றுள் அடங்கும். பேரரசின் வாயிலில் தம் பெயரை மட்டும் விட்டுச்சென்ற இவ்விருவரைப் பற்றி நாம் வேறொன்றும் அறியோம்.

நாணயங்கள் கூறும் இறக்கம்

உரோமின் இறக்கத்தை உரோமானிய நூல்கள் ஒப்புக்கொள்வதற்கு முன்பே அதன் நாணயங்கள் அறிவித்துவிட்டன. தமிழகத்தில், குறிப்பாகக் கோயம்புத்தூர் வட்டாரத்தில், கிடைத்த வெள்ளிக் காசுகளுள் பெரும்பான்மை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோர் காலத்தவை. கி.பி. 64இல் நீரோ காசின் எடையையும் வெள்ளியின் தூய்மையையும் குறைத்தார். அதன்பின் வெளியான வெள்ளிக் காசுகள் இங்கு அருகியே காணப்படுகின்றன. தொலைவிலிருந்த வணிகர் காசின் முகத்தை அன்றி அதன் மாற்றையே மதித்தனர் என்பது இதனால் புலனாகும். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 500க்கும் மேற்பட்ட பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின்மீது உளியால் வெட்டப்பட்டுள்ளது. காசாக அல்லாமல் வெறும் பொன்னாகவே அவை கருதப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் விளக்கம்.

கி.பி. 117இல் திராஜன் மறைந்தபோது பேரரசு தன் பரப்பின் உச்சத்தில் இருந்தது. கி.பி. 165 முதல் பரவிய பெருங்கொள்ளைநோய் அதன் மக்கள்தொகையைக் குலைத்தது. கிரீன்லாந்துப் பனிப்படலத்தில் படிந்த ஈயத்தின் அளவை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, அந்நோய்க் காலத்தில் ஐரோப்பிய வெள்ளிச் சுரங்கத் தொழில் சரிந்து நெடுங்காலம் மீளவில்லை எனக் காட்டியது. கி.பி. 235 முதல் 284 வரையிலான ஐம்பதாண்டில் இருபதுக்கும் மேற்பட்டோர் அரியணை ஏறினர். அவர்களுள் பலர் தம் படைவீரராலேயே கொல்லப்பட்டனர். படையின் ஊதியத்தை ஈடுகட்ட மேலும் மேலும் மாற்றுக் குறைந்த காசுகள் அடிக்கப்பட்டன. 260களின் வெள்ளிக் காசில் நூற்றில் ஐந்து பங்கு வெள்ளியும் இல்லாத நிலை தோன்றியது. தியோகிளேசியன் கி.பி. 301இல் பொருள்களுக்கு உச்சவிலை வகுத்து ஆணையிட்டும் விலையேற்றம் அடங்கவில்லை. 3ஆம் நூற்றாண்டுக் காசுகள் தமிழகத்தில் மிக அரிதாகவே கிடைப்பதற்கு இதுவே பின்னணி.

ஆயினும் இறக்கம் ஒரே சரிவாக நிகழவில்லை. கி.பி. 330இல் கான்ஸ்டாண்டிநோபிள் புதிய தலைநகராக நிறுவப்பட்டபின் வாணிகம் ஓரளவு மீண்டது. கருவூர், மதுரை, அழகன்குளம் ஆகிய இடங்களிலும் இலங்கையிலும் 4, 5ஆம் நூற்றாண்டுச் செப்புக்காசுகள் கிடைக்கின்றன. பொன்னும் வெள்ளியும் இருந்த இடத்தில் இப்போது சிறு செப்புக்காசுகள் வந்தன என்பது நோக்கத்தக்கது. கி.பி. 408இல் உரோம் நகரை முற்றுகையிட்ட அலாரிக், முற்றுகையை விலக்கக் கேட்டுப் பெற்ற பொருள்களுள் 5,000 இறாத்தல் பொன்னோடு 3,000 இறாத்தல் மிளகும் இருந்தது. பேரரசு தளர்ந்த வேளையிலும் அதன் தலைநகரின் கிடங்குகளில் அவ்வளவு மிளகு இருந்துள்ளது. கி.பி. 410இல் நகரம் சூறையாடப்பட்டது, கி.பி. 476இல் மேலைப் பேரரசின் இறுதி ஆட்சியாளர் நீக்கப்பட்டார். கீழைப் பேரரசோ 1453 வரை நிலைத்தது.

வாணிகம் நின்றதா, திசை மாறியதா?

கி.பி. 476இல் முசிறியில் எவரும் வாயிற்கதவை அடைத்துவிட்டுப் போகவில்லை. 6ஆம் நூற்றாண்டில் எழுதிய காஸ்மாஸ் என்னும் எகிப்திய வணிகத் துறவி, மேலைக்கரையில் மிளகு ஏற்றிய ஐந்து துறைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றார். பாரசீகரும் எத்தியோப்பிய அக்சும் நாட்டாரும் இடைநின்று வாணிகத்தை நடத்தினர். ஏறத்தாழ கி.பி. 1000இல் பாஸ்கர ரவிவர்மன் யூத வணிகர் தலைவனுக்கு அளித்த செப்பேடு முயிரிக்கோட்டிலிருந்து வழங்கப்பெற்றது. பழைய முசிறியின் பெயர் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் வழங்கியதை இது காட்டுகின்றது. வாங்குவோர் மாறினர்; மிளகுக் கொடி மாறவில்லை.

கீழைக்கரையின் நிலை இதனினும் நமக்கு முக்கியமானது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்ரேயக் கடல் வழிநூல், சோழமண்டலத் துறைகளிலிருந்து கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் செல்லும் பெருங்கலங்களைத் தனியே குறிப்பிடுகின்றது. 2ஆம் நூற்றாண்டில் தாலமி பொன் தீபகற்பம் எனக் குறித்தது மலாயாத் தீபகற்பத்தையே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தாகும். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த பொருள்களுள் காழகத்திலிருந்து வந்தவற்றையும் கூறுகின்றது. காழகம் கடாரமே என்பது அறிஞர் பலரின் முடிபு. தென் தாய்லாந்தின் கிளோங் தோமில் கிடைத்த, பெரும்பதன் என்பவனுக்கு உரியது எனத் தமிழ் பிராமியில் பொறிக்கப்பட்ட பொன் உரைகல்லும், பூ காவ் தோங்கில் கிடைத்த தமிழ் பிராமி மட்கல ஓடும் இவ்வழியில் கைவினைஞரும் துறவியரும் வந்தமைக்குச் சான்றுகளாகின்றன. அரிக்கமேட்டில் செய்யப்பட்ட வகையைச் சேர்ந்த ஒரே நிறச் சிறு கண்ணாடி மணிகள் தென்கிழக்காசியாவெங்கும் கிடைக்கின்றன. கிளோங் தோமில் அவை உற்பத்தியும் செய்யப்பட்டன. வியட்நாமின் ஓக் இயோவில் உரோமப் பேரரசர் அந்தோனினஸ் பயஸின் உருவம் பொறித்த பதக்கம் கண்டெடுக்கப்பட்டது.

கிள்ளானிலும் அதனை அடுத்த கம்போங் சுங்கை லாங்கிலும் கண்டெடுக்கப்பட்ட வெண்கல முரசுகள் வடவியட்நாமின் தோங்சோன் பண்பாட்டைச் சார்ந்தவை. நம் பள்ளத்தாக்கின் ஆற்றுமுகம் பண்டைக் கடல்வழிகளோடு தொடர்புற்றிருந்தது என்பதை அவை உணர்த்துகின்றன. எனவே உரோமானியத் தேவை சுருங்கிய நூற்றாண்டுகள் தமிழர் கடலோட்டத்திற்கு முடிவாக அமையவில்லை. மேற்கில் தளர்ந்த வாணிகம் கிழக்கில் வேரூன்றியது. 5ஆம் நூற்றாண்டளவில் செபராங் பிறையில் கல்வெட்டு விட்டுச்சென்ற புத்தகுப்தன் என்னும் மாலுமியும், பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்களும் அவ்வேரின் கிளைகளே.

இங்கு ஒரு பாகுபாட்டை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். உள்நாட்டுக் கைத்தொழிலும் பல திசைச் சந்தையும் கொண்ட ஊர்கள் உரோமின் தளர்ச்சியைத் தாங்கிக்கொண்டன. தொலைவிலுள்ள ஒரே சந்தையைப் பெரிதும் நம்பிய துறைகளோ அச்சந்தையோடு சேர்ந்து மெலிந்தன. ஒரு பேரரசின் வீழ்ச்சி எல்லாருக்கும் ஒரே வீழ்ச்சி அன்று. யார் எதை நம்பி வாழ்ந்தனர் என்பதைப் பொறுத்தே அது யாரை எவ்வளவு தாக்கும் என்பது அமைகின்றது.

எழுதப்படாதோர்

முசிறிச் சுவடி கடன் கொடுத்தவனையும் வாங்கியவனையும் பற்றிப் பேசுகின்றது; சுங்கத்தைப் பைசா பிசகாமல் கணக்கிடுகின்றது. பிளினி விலையைச் சொல்கின்றார். சங்கப் புலவர் மன்னனின் கொடையைச் சொல்கின்றனர். மலைச்சாரலில் கொடியேறி மிளகைப் பறித்து உலர்த்தியவர் யார், அவர் பெற்ற கூலி என்ன, கப்பல்கள் வராத ஆண்டில் அவர் எதை உண்டார் என்னும் வினாக்களுக்கு எந்த ஏடும் விடை தரவில்லை. கார்த்தஜீனாச் சுரங்கத்தின் 40,000 பேரும் ஓர் எண்ணாகவே எஞ்சியுள்ளனர்.

இவ்விடத்தில் நம் மண்ணின் அண்மை வரலாறு நினைவுக்கு வருதல் இயல்பே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலை நாடுகளின் வண்டிச் சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. 1910ஆம் ஆண்டின் விலையேற்றம் சிலாங்கூரின் காடுகளைத் தோட்டங்களாக்கியது. கங்காணிகள் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டினர். 1930களின் தொடக்கத்தில் உலகச் சந்தை வீழ்ந்து ரப்பர் விலை சரிந்தபோது, தொழிலாளர் பெருந்தொகையினராகக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை மீண்டபோது மீண்டும் அழைக்கப்பட்டனர். விடுதலைக்குப் பின் தோட்டத் துண்டாடலும், 1980கள் தொடங்கித் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியமையும் பல குடும்பங்களை லயங்களிலிருந்து வெளியேற்றின. அவர்களுள் பலர் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடியிருப்புகளையும் நெருக்கமான நீள்வீடுகளையும் மலிவு அடுக்ககங்களையும் அடைந்தனர்.

பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடான் வட்டாரம் அத்தகைய குடியேற்றங்களைக் கண்ட பகுதியாகும். 2001 மார்ச்சில் அங்கு நிகழ்ந்த வன்செயலில் ஆறு உயிர்கள் பறிபோயின, பலர் படுகாயமுற்றனர். இந்தியர் பெரும் இழப்புக்கு உள்ளாயினர். அந்நாள்களைப் பேசுவோர் உடனடிக் காரணங்களையே பெரிதும் பேசுவர். அதற்குப் பின்னால் இருந்த வறுமை, நெருக்கடி, வேலையின்மை, வேரற்ற நிலை ஆகியவற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. தோட்டம் என்னும் சிற்றுலகம் தளர்ந்தபோது அதனோடு பிணைந்திருந்த வாழ்வும் சிதறியமை அவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

இவ்வொப்புமையை அளவுகடந்து நீட்டுதல் கூடாது. மிளகு அம்மண்ணுக்கே உரிய கொடி. ரப்பர் பிரேசிலிலிருந்து கொணரப்பட்ட மரம். முசிறி வாணிகத்தில் மூவேந்தர் தம் துறைகளைத் தாமே ஆண்டனர். மலாயாத் தோட்டங்களில் நிலமும் முதலும் விலையும் பிறர் கையில் இருந்தன. ஆயினும் ஒன்றில் இரண்டும் ஒத்துள்ளன. தொலைவிலுள்ள ஒரு தேவை மக்களைத் திரட்டுகின்றது. அத்தேவை நகரும்போது அவர்களைக் கணக்கில் கொள்வதில்லை.

முடிவுரை

உரோமின் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. உள்நாட்டுப் பூசல், கொள்ளைநோய், காசின் மாற்றுக் குறைவு, எல்லைப் போர்கள் ஆகிய அனைத்தும் ஒன்றையொன்று வளர்த்தன. மிளகுத் துறையிலிருந்து நோக்கும்போது அவ்வீழ்ச்சி ஒரே நாளில் இடிந்த கட்டடமாகத் தோன்றவில்லை. முன்னூறு ஆண்டுகளாக நிகழ்ந்த தேய்வாகவும் திசைமாற்றமாகவும் தோன்றுகின்றது. பேரரசு மறைந்தும் அதன் காசுகளும் சுவடிகளும் எஞ்சியமையால் நாம் இவ்வளவும் அறிய முடிகின்றது.

சான்று எஞ்சாவிடில் வரலாறும் எஞ்சாது. 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கில் சுங்கை பத்துவின் பழங்கோயில் அடித்தளமொன்று நிலமேம்பாட்டுப் பணியின்போது இடித்து அகற்றப்பட்டதை நாம் அறிவோம். ஆயிரமாண்டுச் சான்றுக்கே அக்கதி எனில், நூறாண்டுத் தோட்டங்களின் சான்றுகள் எம்மாத்திரம்? பெரட்டுக் களத்தில் பெயர் அழைத்த வருகைப் பதிவேடுகள், தோட்டத்துக் கோயில்களின் கணக்கேடுகள், தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவுகள், முதியோரின் நினைவுகள் ஆகியன நாள்தோறும் அழிந்து வருகின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு குடியிருப்பிலும், தாம் பிறந்த தோட்டத்தின் பெயரைச் சொல்லக்கூடிய மூத்தோர் இன்னும் உளர். அவர்களிடம் சென்று கேட்டு எழுதி வைப்பது இந்திய ஆய்வியல் மாணவர் ஒவ்வொருவருக்கும் இயன்ற பணியாகும்.

கண்ணனும் சாதனும் செங்கடற்கரையில் தம் பெயரை ஓர் ஓட்டில் கீறி வைத்தனர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் நாம் அதைப் படிக்கின்றோம். அவர்களுக்காக மிளகு பறித்தவரின் பெயரை எவரும் எழுதவில்லை. நம் பாட்டன் பாட்டியரின் பெயர்களையேனும் எழுதாது விட்டுவிடும் உரிமை நமக்கு இல்லை.